சுண்டுவிரலும் மோதிரவிரலும்

செஞ்சி
12-11-1963

இராஜமதிக்கு,

நீ நெய்வேலிக்குப் போனபின் நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதியவை. இதுவும் அப்படித்தான். இடுக்கி எங்கே?

பதினான்கு மாதங்களாகத் துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் துணியை மறந்துவிட்டுக் குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன். வலது கைக்குச் சுட்டது, உடனே விட்டுவிட்டது. இடது கையும் விட்டது, அதன் சுண்டுவிரல் மட்டும் சட்டியில் சாய்ந்தபடி இருந்தது. தீய்ந்த வாடை வந்தது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் கரண்டியை எடுக்கப் போனேன். அடிப்பிடித்தது என் சுண்டுவிரல்.

பெரிய கொப்புளம். வலி இதுவரை வரவில்லை. இரண்டு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி க்ஷேமம். ஜைன விதிப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன். பக்தியினால் அல்ல, விளக்கு வெளிச்சத்தில் சமைத்தால் உப்பு இரண்டு தரம் விழுகிறது. நேற்று நாலேகால் விழுப்புரம் பஸ் ஐந்து மணிக்கு வந்தது. வழியில் பஞ்சராம்.

அங்கே நம் மகன் நேமிராஜுக்கும் மருமகள் ஜெயந்திக்கும் என் ஆசீர்வாதம்.

வாசுபூஜ்யன்


(தபால் கார்டு)

நெய்வேலி
16-11-63

ஸ்ரீ ஜினாய நம:

நேமியின் நைனாவுக்கு இராஜமதி நமஸ்காரம். இடுக்கி உப்பு ஜாடிக்குப் பின்னால ஆணியில மாட்டியிருக்குது. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அங்கேதான் இருக்குது. வெரலு வெந்து வலிக்கலைன்னா அது இன்னா சமாச்சாரம்? எனக்கு நல்லதாப் படலை. சிங்காரவேலு டாக்டர்கிட்ட காட்டுங்க. நேமி, ஜெயந்தி சௌக்கியம்.

இராஜமதி


செஞ்சி
21-11-1963

இராஜமதிக்கு,

உன் கார்டு கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன் ஊருக்குக் கிடைத்தது. தபால்காரர் பொன்னுசாமி வாசலில் சைக்கிளை நிறுத்தி, “சார், இடுக்கி உப்பு ஜாடிக்குப் பின்னாலியாம். வெரலு இப்போ எப்படி இருக்குது?” என்று விசாரித்துவிட்டுத்தான் கார்டை நீட்டினார். சாயங்காலம் தனகோட்டியின் காபி கிளப்பில் விரலைப் பற்றி ஆறு பேரும் இடுக்கியைப் பற்றி இரண்டு பேரும் கேட்டார்கள். இனிமேல் இன்லண்டு லெட்டரில் எழுதி ஒட்டி அனுப்பு.

சிங்காரவேலு டாக்டரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார். கையில்தான் கோளாறு என்றேன். எல்லாம் நாக்கில் தெரியும் என்றார். கடைசியில் உடம்புச் சூடு என்று முடிவு செய்தார். சட்டியின் சூடு என்று சொல்லிப் பார்த்தேன். அது வெளிச் சூடு, இது உள் சூடு என்றார். ஒரு டானிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலின் மேல் ஒரு பயில்வான் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது.

மரத்திருப்பது இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும். பாதி என்றால் குறுக்கே அல்ல, நெடுக்கே. நடுவிலே எல்லைக்கல் நட்டதுபோல ஒரு பக்கம் எனக்குச் சொந்தம், மறுபக்கம் யாருடையதோ. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன். ஒரு விரலைப் பாகப்பிரிவினை செய்ததாக எங்கும் படித்ததில்லை.

பத்தேமுக்கால் பஸ்ஸில் இன்று கூட்டம். முகூர்த்த நாளாக இருக்கும்.

வாசுபூஜ்யன்


(தபால் கார்டு)

நெய்வேலி
26-11-63

ஸ்ரீ ஜினாய நம:

நேமியின் நைனாவுக்கு நமஸ்காரம். நான் கார்டுலதான் எழுதுவேன். போன வருஷம் ஆவணியில நான் பத்து நாள் உபவாசம் இருந்தப்போ, எட்டாம் நாள் என்னைப் பார்க்க வந்தவங்க பதினாறு பேர் எதிரில நீங்க சொன்னதை ஒட்டியா அனுப்புனீங்க? பொன்னுசாமி, நீ படிச்சாலும் பரவாயில்லை, சாருக்குக் கட்டு மாத்த ஆள் இருக்குதான்னு பாரு. டானிக்கை நிறுத்திட்டு நல்ல டாக்டரைப் பாருங்க. எத்தினி நாளா மரத்திருக்குது? அதை எழுதலையே.

இராஜமதி


செஞ்சி
18-12-1963

இராஜமதிக்கு,

எத்தனை நாளாக என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தால் ஆடி மாதமே டம்ளர் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. வயது என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் எதை வேண்டுமானாலும் வயது என்று சொல்லிவிடலாம்.

டானிக் மூன்று பாட்டில் தீர்ந்தது. பயில்வான் அப்படியே இருக்கிறான். என் கைதான் இளைத்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருந்த இடத்தில் பள்ளம். சுண்டுவிரல் மடங்கிக்கொண்டு நிமிர மறுக்கிறது. சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கக் கால் மணி நேரமாகிறது. ரிடையர் ஆனவனுக்கு அதுவும் ஒரு ஜோலி.

மாதம் ஒரு முறை ஒரு டாக்டர் ஜீப்பில் வந்து பயணியர் விடுதியில் உட்காருகிறார். எந்த வியாதியைப் பார்க்க வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஜீப் நிற்கும் நாளில் அந்தத் தெருவில் யாரும் நடப்பதில்லை. நான் நடந்தேன். இரண்டு பக்கமும் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள்; கல்யாண ஊர்வலத்தில்கூட என்னை இத்தனை பேர் பார்த்ததில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் தொடப் போகிறேன், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். உள்ளங்கையில் சொன்னேன். கட்டைவிரலில் சொன்னேன். பிறகு காத்திருந்தேன். ரொம்ப நேரமாக அவர் தொடவில்லையே, வேறு வேலையாகப் போய்விட்டாரோ என்று கண்ணைத் திறந்தேன். ஊசி என் சுண்டுவிரலில் குத்தி நின்றுகொண்டிருந்தது.

அவர் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. தோலில் தேமல் எதுவும் இல்லை, காது மடல் தடிக்கவில்லை, “இருந்தாலும்” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மதராஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நானும் அந்தப் பெயரை எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து பாத்திரம் தேய்க்கும் குஞ்சம்மாள் வருவதில்லை. இடுப்பு வலியாம். அந்த இடுப்பு எதிர்வீட்டுப் பாத்திரங்களைத் தேய்க்கும்போது மட்டும் வலிப்பதில்லை. தனகோட்டி கிளப்பில் என் டம்ளரின் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். காபியில் குறையில்லை; இன்னும் கொஞ்சம் சர்க்கரைகூடப் போடுகிறார். நம் ஊரில் இப்படித் தனி டம்ளரில் பரம்பரையாகக் குடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தினம் அவர்களைத் தாண்டிப் போய்த்தான் உள்ளே உட்கார்ந்தேன். டம்ளரைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தோன்றியிருக்கிறது.

நீ வர வேண்டாம். நேமிராஜிடம் சொல்லாதே. இதைப் படித்தபின் கையைக் கழுவிக்கொள்.

இன்று நாலேகால் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வாசுபூஜ்யன்


(ஒட்டிய கவர்)

நெய்வேலி
22-12-63

ஸ்ரீ ஜினாய நம:

நேமியின் நைனாவுக்கு நமஸ்காரம்.

ஒட்டி அனுப்பியிருக்கேன். எழுத்துப் பிழை இருக்கும். முன்னே ஒரு தரம் செஞ்ச மாதிரி சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பாதீங்க.

கை கழுவலை. உங்க கடுதாசியை மடியில வெச்சுக்கிட்டு அதே கையால சாதம் பிசைஞ்சு சாப்பிட்டேன். நீங்க எழுத மாட்டேன்னு சொன்ன பேரை நான் எழுதறேன். பெருநோய். எழுதியாச்சு. எழுதினா கை ஒண்ணும் ஆகலை.

கார்டு எழுதி ஊரைக் கூட்டிட்டேனோன்னு ரெண்டு நாளா மனசே சரியில்லை. ஆனா கார்டு எழுதினது ஏன்னும் உங்களுக்குத் தெரியணும். நீங்க இன்னா சொன்னீங்கன்னு உங்களுக்கே மறந்திருக்கும். சொல்றவங்களுக்கு மறந்துடும். “செஞ்சிக் கோட்டையை டில்லிப் படை ஏழு வருஷம் சுத்தி வளைச்சுது. இங்கே படையும் இல்லை, முற்றுகையும் இல்லை, அரிசிப் பானையும் நெறைய இருக்குது. இவ யார்கிட்ட சரணடையப் போறான்னுதான் தெரியலை.” அப்பிடித்தான் சொன்னீங்க. மேல்சித்தாமூர்லேர்ந்து வந்தவங்க சிரிச்சாங்க. என் அண்ணன் சிரிச்சாரு. எனக்கு எட்டு நாளா வெறும் தண்ணி. பதில் சொல்ல வாயில ஈரம் இல்லை.

எதுக்கு உபவாசம்னு நீங்க கேக்கவேயில்லை. நேமிக்காக இல்லை, உங்களுக்காக இல்லை, குடும்பத்துக்காக இல்லை. நான் எனக்காகப் பண்ணினது. பொறந்ததுலேர்ந்து எனக்காகன்னு நான் பண்ணினது அது ஒண்ணுதான். முடிச்சுட்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நேமிக்கு ஷிப்டு. ஜெயந்தி ஸ்கூல்ல பாடம் எடுக்கப் போயிடுது. அஞ்சரைக்கு நான் ஒருத்தி மட்டும் சாப்பிட்டுடுவேன். எட்டு மணிக்கு அவங்க ரெண்டு பேரும் லைட்டைப் போட்டுக்கிட்டு சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்துவேன். மரியாதையாத்தான் நடத்துறாங்க. யாரும் கேலி பண்றதில்லை. யாராச்சும் பேசினாத்தானே கேலி பண்ண.

நீங்க வரவேணாம்னு எழுதியிருக்கீங்க. வரச் சொன்னா வருவேன். அது எந்த வியாதியா இருந்தாலும் வருவேன். சொல்லாம வர மாட்டேன். கையில காயம் இருந்தா தேங்காய் எண்ணெய் தடவுங்க. அடுப்புகிட்ட இடது கையை நீட்டாதீங்க.

இராஜமதி


செஞ்சி
9-1-1964

இராஜமதிக்கு,

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

மதராஸ் போய் வந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான கூடம். பெஞ்சில் இருபது முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு இப்படி உட்கார வைக்க நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். இங்கே யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

காது மடலைக் கிள்ளி, கீறி, கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். கையில் பருப்பளவு தோலை வெட்டி எடுத்தார்கள். முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மூன்று டாக்டர்கள் என் கையைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நான் அதன் சொந்தக்காரன் என்ற முறையில் பக்கத்தில் இருக்க அனுமதித்தார்கள். முடிவு தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், வந்து கேட்டுப் போங்கள் என்றார்கள்.

ஆகவே காத்திருக்கிறேன். வியாதி வந்தவனுக்கு வியாதி உண்டு. வராதவனுக்கு ஆரோக்கியம் உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் காதைப் பார்க்கிறேன். கோயிலுக்குப் போவதில்லை. நான் எப்போதுமே அதிகம் போனவன் இல்லை என்றாலும், போகாமல் இருப்பதும் போகக்கூடாமல் இருப்பதும் வேறு என்று இப்போது தெரிகிறது. போன வாரம் முழுக்க யாரிடமும் பேசவில்லை. சனிக்கிழமை பொன்னுசாமி “தபால் இல்லை சார்” என்றார். நான் “சரி” என்றேன். குரல் கரகரத்தது. இரண்டாம் தரம் “சரி” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நீ எழுதியதை மறக்கவில்லை. வரச் சொல்ல மாட்டேன். முடிவு மோசமாக இருந்தால் உன்னைக் கூப்பிடுவது அநியாயம். நன்றாக இருந்தால் கூப்பிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் கையில் இல்லை.

நேற்று இரண்டு பஸ்ஸும் தாமதம். காலையில் ஏழு பேர், மாலையில் நாலு பேர். மாலையில் ஒரு அம்மாள் தகரப் பெட்டியோடு இறங்கினாள். சிங்கவரம் போகிறவளாம்.

வாசுபூஜ்யன்


(ஒட்டிய கவர்)

நெய்வேலி
24-1-64

ஸ்ரீ ஜினாய நம:

நேமியின் நைனாவுக்கு நமஸ்காரம். மதராஸ்லேர்ந்து இன்னும் ஒண்ணும் தெரியலையா? நேமிகிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்லாதேன்னீங்க, ஆனா நான் அழுததை அவன் பார்த்துட்டான். லீவு போட்டுட்டு வரேங்கிறான். நான்தான் இருடான்னேன்.

நேத்து ஒரு நாள் உபவாசம் இருந்தேன். இந்தத் தரம் எனக்காக இல்லை. சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன். சிரிக்கறதுன்னா தனியா சிரிச்சுக்குங்க.

பேச ஆள் இல்லைன்னா சுவத்துகிட்டயாவது பேசுங்க. குரல் போயிடும்.

இராஜமதி


செஞ்சி
5-2-1964

இராஜமதிக்கு,

அது இல்லை.

கண்ணாடித் துண்டில் கிருமி இல்லை. தோலிலும் இல்லை. இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சிரிக்கவில்லை. நீ உபவாசம் இருந்ததைப் பற்றிச் சொல்கிறேன்.

அது இல்லையென்றால் வேறு எது என்று கேட்டேன். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். நரைத்த மீசை, அவசரமில்லாத மனிதர். என் இடது முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பக்கத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடித்தது. ஏழு மாதத்தில் அந்த விரலில் எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அதுதான். இன்னொரு தரம் தட்டச் சொல்லிக் கேட்டேன்.

“இன்னா உத்தியோகம்?” என்றார்.

“ரிடையர் ஆன வாத்தியார்.”

“தையல், தச்சு வேலை ஏதாவது? லாரி ஓட்டுவீங்களா?”

“முப்பது வருஷம் பையன்களை ஓட்டினேன். லாரி இல்லை.”

“இந்த முழங்கையை எது மேலேயாவது ஊணி உக்காருவீங்களா?”

“இல்லை.”

“மணிக்கணக்கா, மாசக்கணக்கா அழுத்தாம இந்த நரம்பு இப்படி நசுங்காது சார். எதையோ அழுத்துறீங்க. அது இன்னான்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. நிறுத்தினா கை திரும்பலாம். முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். நிறுத்தலைன்னா இந்தக் கை உதவாது.”

மருந்து எதுவும் எழுதவில்லை. நான் எதன் மேலும் ஊன்றுவதில்லை. படிக்கிறேன், சமைக்கிறேன், தூங்குகிறேன். படித்த டாக்டர்களும் எதையாவது சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரித் தாளைத் தனகோட்டியிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். “நான் அப்பவே நெனைச்சேன் சார், நமக்கெல்லாம் அது வராதுன்னு” என்றார். காபி வந்தது. டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தேன். புள்ளி இருந்தது. பெயிண்ட் போக நாளாகும் போலிருக்கிறது.

நாலேகால் பஸ் இன்று ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. இப்படி வந்தால் காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

வாசுபூஜ்யன்


(ஒட்டிய கவர்)

நெய்வேலி
10-2-64

ஸ்ரீ ஜினாய நம:

நேமியின் நைனாவுக்கு நமஸ்காரம்.

கடுதாசியை முதல் வரியோட மடிச்சு வெச்சுட்டு வெளியே வந்து நின்னேன். ஜெயந்தி பயந்துபோயி இன்னாங்க அத்தை இன்னாங்க அத்தைன்னு ஓடியாந்துது. அப்புறம் மீதியைப் படிச்சேன்.

அந்த டாக்டர் கேட்டதுக்கு நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. நான் பதில் சொல்றேன். உங்க கடுதாசி எல்லாத்தையும் எடுத்து ஜெயந்தியை விட்டு ஒரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். “மாமாவுக்கு பஸ் கம்பெனியில வேலையா?” ன்னு கேக்குது. எந்த பஸ் எத்தினி மணிக்கு வந்துது, எத்தினி பேர் இறங்கினாங்க, யார் கையில தகரப் பெட்டின்னு எல்லாத்திலயும் எழுதியிருக்கீங்க. நம்ம வீட்ல முன்னறை ஜன்னலைத் தவிர வேற எங்கேருந்தும் பஸ் நிக்கிற இடம் தெரியாது. நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கிட்டு, வலது கையில புஸ்தகம், இடது முழங்கை ஜன்னல் கருங்கல்லு மேல, தாடையில கை. நீங்க அப்பிடி உக்காருறதை நான் முப்பத்திமூணு வருஷமாப் பார்க்கறேன். அப்போல்லாம் கை மரத்துப் போகலை. ஏன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் கூப்பிடுவேன். பரண்லேர்ந்து எதையாச்சும் எடுத்துக் குடுங்க, தண்ணி காஞ்சிருக்குது, அரிசிக்காரன் வந்துட்டான். “ஒரு பக்கம் படிக்க விடமாட்டியா”ன்னு திட்டிக்கிட்டே எழுந்திருச்சு வருவீங்க. இப்போ கூப்பிட ஆள் இல்லை. ஒரே உக்காரா உக்காந்திருக்கீங்க.

பஸ்ஸைப் பார்த்தீங்களே, ஒரு வரி எழுதியிருந்தா நான் அந்த பஸ்ல வந்திருப்பேன். இதுவரைக்கும் பதினேழு மாசம்.

கல்லு மேல தலகாணி போடுங்கன்னு எழுதலாம்னு நெனைச்சேன். வேணாம். தலகாணி போட்டா இன்னும் நல்லா உக்காருவீங்க.

நீங்க கூப்பிடறதுக்குக் காரணம் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. எனக்கும் சும்மா வர்றதுக்கு வழியில்லை. அந்தப் பதினாறு பேர் எதிரில மறுபடியும் நான் அந்த வீட்டு வாசப்படி ஏறணும். எப்பிடி ஏறுறதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவரு.

இராஜமதி


(தபால் கார்டு)

செஞ்சி
14-2-1964

இராஜமதிக்கு,

ஜன்னல் விஷயம் உண்மை. டாக்டரிடம் சொன்னது பொய்.

1962 ஆவணியில் நீ எட்டாம் நாள் உபவாசத்தில் இருந்தபோது பதினாறு பேர் முன்னிலையில் உன்னை நான் கேலி செய்தேன். சிரிப்பதற்கு ஆள் இருந்ததால் செய்தேன். அது அற்பத்தனம். முற்றுகை பற்றி நான் சொன்னதில் சரித்திரப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் சரணடைய வேண்டியவன் யார் என்பதில் பிழை இருந்தது.

இந்தக் கார்டைப் பெட்டியில் போடவில்லை. பொன்னுசாமி கையில் கொடுத்து, நிதானமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். பதினாறு பேரில் பதினோரு பேர் அவர் தபால் கொடுக்கும் தெருக்களில் இருக்கிறார்கள். மேல்சித்தாமூர்க்காரர்களுக்கும் உன் அண்ணனுக்கும் தனித்தனியே கார்டு எழுதிவிட்டேன். எதையும் ஒட்டவில்லை.

நீ வா.

முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டேன். நாளை முதல் நாலேகால் பஸ்ஸுக்கு நான் பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விடுவேன். அங்கே உட்கார ஒன்றும் இல்லை, நிற்கத்தான் வேண்டும். முழங்கையை ஊன்றவும் ஒன்றும் இல்லை.

வாசுபூஜ்யன்